ரெண்டு செகண்ட்ல தூங்கிப்போற மவுஸ்

கேள்வி: சார், லேப்டாப்ல லினக்ஸ் வச்சிருக்கேன். யூஎஸ்பி மவுஸை கொஞ்ச நேரம் தொடாம விட்டா அப்படியே செத்துடுது, நகர்த்தினா அசையாது, ஒரு கிளிக் பண்ணாதான் எந்திரிக்குது. டச்பேடுக்கு ஒண்ணும் ஆகல. டிரைவர் கோளாறுன்னு ஓஎஸ்ஸையே ரீஇன்ஸ்டால் பண்ணேன், முதல் நாள் நல்லா இருந்துச்சு, பேட்டரி நிக்கணும்னு பவர்டாப்ங்கற பவர் சேமிப்பு டூலைப் போட்டு, செட்டிங்கை எல்லாம் தானா மாத்தற அதோட ஆட்டோ டியூனை பூட்லயே ஓடவிட்டேன், மறுநாளே பழைய கதை. கழட்டி மாட்டினா சரியாகுது, ரீபூட் பண்ணா திரும்ப வருது. என்ன பண்றது?

பதில்: ரீஇன்ஸ்டால் வரைக்கும் போயிட்டீங்களேன்னு கஷ்டமா இருக்கு, ஏன்னா உங்க டிரைவர் மேல தப்பே இல்ல. மவுஸ், கீபோர்டை ஓட்டற யூஎஸ்பிஹெச்ஐடி டிரைவர் லினக்ஸோட மையமான கெர்னலோடயே வருது, அது கெட்டிருந்தா கழட்டி மாட்டினதும் சரியாகாது. பதில் உங்க கேள்வியிலயே இருக்கு, பவர்டாப்தான்.

யூஎஸ்பி சாதனம் சும்மா இருந்தா கெர்னல் அதை தூங்க வைக்கலாம், அதுக்குப் பேரு ஆட்டோசஸ்பெண்ட், டீஃபால்ட்டா 2 செகண்ட். ஆனா மவுஸுக்கு கெர்னல் தானா இதை ஆன் பண்ணாது, பவர்டாப்போட ஆட்டோ டியூன்தான் எல்லாத்துக்கும் சேர்த்து ஆன் பண்ணிடுது. தூங்கின மவுஸ்ல நிறைய மாடல் பட்டனை அமுக்கினாதான் முழிக்கும், நகர்த்தினா தெரியாது. மவுஸைத் திருப்பி வச்சுப் பாருங்க, அடியில சிவப்பு லைட் இருக்கிற மாடலா இருந்தா ரெண்டு செகண்ட்ல அது அணையும் இல்ல மங்கும். டச்பேட் பெரும்பாலான லேப்டாப்ல யூஎஸ்பியிலயே இருக்காது, அதனால அது தப்பிச்சுது.

உறுதிப்படுத்த, ரூட்டா, அதாவது அட்மின் உரிமையோட சூடோ போட்டு, பவர்டாப்பைத் திறந்து டேப் கீயால டியூனபிள்ஸ் பக்கத்துக்குப் போங்க, உங்க மவுஸ் வரியில என்டர் தட்டுங்க. குட்னு இருந்தது பேட்னு மாறும், பயப்படாதீங்க, பேட்டரி கணக்குல மட்டும்தான் அது பேட், உங்களுக்கு வேண்டியதே அதான். அந்த நேரம் ஸ்கிரீன் மேல ஓடின கமாண்டை அப்படியே காட்டும், அதை எழுதி வச்சுக்கோங்க. அந்த கமாண்ட் கன்ட்ரோல்ங்கற ஃபைல்ல 'ஆன்'னு எழுதும், அதைப் பாத்து ஆட்டோசஸ்பெண்ட் ஆன் ஆயிடுச்சுன்னு நிறைய பேர் குழம்புறாங்க, அர்த்தம் நேர் எதிர், சாதனம் எப்பவும் முழிச்சே இருக்கட்டும்னு அர்த்தம். 'ஆட்டோ'ன்னு இருந்தாதான் தூங்கும். டெர்மினல்ல நீங்களே அதை அடிக்கும்போது சூடோ எக்கோன்னு போட்டா பெர்மிஷன் டினைட்னுதான் வரும், சூடோ எக்கோவுக்கு மட்டும்தான் போகுது, ஃபைலைத் திறக்கறது உங்க சாதா ஷெல், அதனால எக்கோவோட வெளியீட்டை, ஃபைல்ல எழுதற 'tee' கமாண்டுக்கு முன்னாடி சூடோ போட்டு, அதுக்கு பைப் (|) பண்ணுங்க.

இனி நிரந்தரமா. சாதனம் சொருகினதும் செட்டிங் போடற யூடெவ் ரூல் எழுதுன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு அது மட்டும் போதாது, பூட்ல யூடெவ் முதல்ல 'ஆன்' போட்டாலும் பின்னாடியே பவர்டாப் சர்வீஸ் வந்து 'ஆட்டோ' ஆக்கிட்டுப் போயிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட்ல பவர்டாப் சர்வீஸைத் திறந்து, சர்வீஸ் பகுதியில எக்ஸெக்ஸ்டார்ட்போஸ்ட் வரியா நீங்க எழுதி வச்ச கமாண்டைச் சேருங்க, ஷெல் வழியா ஓடற மாதிரி எஸ்ஹெச் மைனஸ் சி போட்டு. மவுஸை எப்பவும் ஒரே போர்ட்ல சொருகறவங்களுக்கு இது போதும். போர்ட் மாத்தி மாத்தி சொருகறவரா இருந்தா கமாண்டுல வர்ற ஃபைல் பாதையில இருக்கற நம்பர் மாறிடும், அப்போ பவர்டாப் சர்வீஸை டிசேபிள் பண்ணிட்டு டிஎல்பி (TLP)ங்கற இன்னொரு பவர் சேமிப்பு டூலைப் போடறதுதான் என் சாய்ஸ், அது மவுஸையும் கீபோர்டையும் டீஃபால்ட்டாவே தொடாம விட்டுடும். ரெண்டையும் ஒண்ணா மட்டும் ஓட்டாதீங்க.