பிள்ளையோடு சேர்ந்து பூட்டும் பந்தயக் கார்: வாசகர் கேள்வி பதில்

ரேடியோவால் இயங்கும் மாதிரிப் பந்தயக் கார்களை வீட்டிலேயே பூட்டுவது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த ரிமோட் கார் கார்த்திகைக்குள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது சரிசெய்யக்கூடியதாக உள்ளே எதுவும் இல்லை. நாமே ஒரு பந்தயக் காரைப் பூட்டலாம் என்கிறாள். எதை வாங்குவது, எங்கே ஓட்டுவது? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: பொம்மைக் கடைக் கார்களில் ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் ஒன்று கெட்டால் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். பொழுதுபோக்கு வகைக் கார்களில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கழன்று வரும் என்பதால், முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்தால் அதை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இவற்றிலும் பெட்டியைத் திறந்தவுடன் ஓட்டக்கூடியவை ஒருவகை, உதிரிகளாக வந்து நாமே பூட்ட வேண்டியவை இன்னொரு வகை. உங்கள் மகள் கேட்பது இரண்டாவது வகை. ஆகவே 'கிட்' என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டு போர்ஷே 934 காரின் மாதிரியை, அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், ரேடியோவால் ஓட்டும்படி வெளியிட்டது. அந்நிறுவனத்தின் டிடி-02 (TT-02) என்ற அடிச்சட்டம் இப்போது தொடக்க நிலையினருக்கு ஏற்றது. அது பத்தில் ஒரு பங்கு அளவுள்ளது. நடுவே ஓடும் ஒரு தண்டின் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்கிறது. அதையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் அதன் படவிளக்க ஏடு 11 வயதுப் பிள்ளை தானாகவே பின்பற்றக்கூடிய அளவுக்குத் தெளிவானது என்பதால் முதல் காருக்கு அதைச் சொல்கிறேன்.

செலவு பெட்டியின் விலையோடு நிற்காது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். ரிமோட், ரிசீவர், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர், மேற்கூட்டுக்கான வண்ணம் ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் சேரும்.

சாலைப் பந்தயக் காரின் வயிறு தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் இருக்கும். ஜல்லி பெயர்ந்த தெருக்களிலும் வேகத்தடைகளிலும் அது ஓடாது. தலைமையாசிரியரின் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக் கூடைப்பந்து மைதானத்தைக் கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்களின் சிமெண்டு வளாகங்கள் வெறுமையாகக் கிடக்கும். மண்டபக்காரர் தெரிந்தவராக இருந்தால் அதைவிட நல்ல ஓடுதளம் நகரத்துக்குள் அமையாது. இவை எதுவும் கிடைக்காதென்றால், பெரிய சக்கரமும் உயர்ந்த வயிறும் கொண்ட பக்கி வகைக் காரை வாங்குவதே நல்லது.

கேள்வி: நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவன், சிறு கருவிகளைப் பிடித்துப் பழகிய கை. என் மகனுக்கு 9 வயது. அவன் திருகினால் திருகாணியின் தலை தேய்ந்துவிடுகிறது, எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கடைசியில் நானே எல்லாவற்றையும் செய்துவிடுவேன் போலிருக்கிறது. வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: வேலை தெரிந்த கைக்குத்தான் இந்தச் சோதனை அதிகம். எளிதான வேலை பிள்ளைக்கு, கடினமான வேலை அப்பாவுக்கு என்று பிரித்தால் பிள்ளை திருகாணி எடுத்துக் கொடுக்கும் ஆளாகிவிடுவான். ஆபத்தை வைத்துப் பிரியுங்கள். கையை அறுக்கக்கூடியது, மூச்சில் போகக்கூடியது, தீப்பிடிக்கக்கூடியது ஆகிய மூன்றும் உங்களுடையவை. எவ்வளவு கடினமாக இருந்தாலும் மற்றவை அவனுடையவை.

திருகாணியின் தலை தேய்வது அவன் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். ஜப்பானியப் பெட்டிகளில் வரும் கூட்டல் குறித் திருகாணிகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில் தரத்தில் செய்யப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் வகைத் திருப்புளியின் முனை அவற்றில் முழுதாக அமராமல் மேலெழும்பித் தலையைத் தின்றுவிடும். அந்தத் தரத்துக்குரிய திருப்புளி ஒன்றை வாங்கிக் கொடுத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணியை முதலில் இடப்புறமாக மெல்லச் சுற்றினால், ஏற்கெனவே உள்ள மரையில் அது 'கிளிக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்புறம் திருக வேண்டும், தலை பொருந்தியதும் நிறுத்திவிட வேண்டும். இந்த நிதானத்தை உங்கள் பட்டறையில் நீங்கள் நாள்தோறும் செய்கிறீர்கள் என்பதால், அவனுக்குக் கற்றுக்கொடுக்க உங்களைவிடத் தகுந்தவர் இல்லை.

உதிரிகள் ஏ, பி, சி என்று எழுத்திட்ட பைகளில் வரும். ஓர் உட்காரலுக்கு ஒரு பைக்கு மேல் திறக்காதீர்கள்; திறந்ததைத் தட்டில் கொட்டி, ஏட்டிலுள்ள படத்தோடு அவனே எண்ணிச் சரிபார்க்கட்டும். வளைவில் இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரங்களைக் கிரீஸ் தடவி அடுக்குவதும், எண்ணெய் வகை ஷாக் அப்சார்பர் இருந்தால் அதில் எண்ணெய் ஊற்றிக் காற்றுக்குமிழ்கள் மேலேறி வரும்வரை காத்திருப்பதும் 9 வயதுக்கு மிகவும் பிடித்த வேலைகள். மோட்டார்த் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரமான பினியனை, அது சுழற்றும் பெரிய பல்சக்கரத்தோடு பொருத்தும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதக் கீற்றை வைத்து அழுத்தித் திருகாணியை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவி எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சும் இடைவெளியே சரியான இடைவெளி. பினியனை மோட்டார்த் தண்டில் நிறுத்தும் உலோகத் திருகாணிக்கு மட்டும், அது கழலாமல் பிடிக்கும் மரைப்பசை ஒரு துளி போதும். அது பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விழும், ஆகவே அந்தத் துளி உங்கள் பொறுப்பு.

மேற்கூடு பாலிகார்பனேட்டால் ஆனது. அதை வெட்டும் வளைகத்தரியும், அதற்குள் அடிக்கும் ஸ்பிரே வண்ணமும் உங்களுடையவை. வண்ணத்தை மொட்டைமாடியில் முகமூடி அணிந்து அடியுங்கள். உட்புறமாக அடிப்பதால் அடர்ந்த நிறத்தை முதலிலும் வெளிர் நிறத்தைப் பின்னரும் அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் கருமை வெளியே தெரியும். எந்த நிறம், எத்தனைக் கோடு என்பதில் மட்டும் நீங்கள் வாய் திறக்கவே கூடாது.

அவன் தவறாகப் பூட்டும் இடம் ஒன்று அநேகமாக வரும். தண்டின் வழியாக விசை செல்லும் கார்களில், இரு டிஃபரன்ஷியல்களில் ஒன்றை இடவலம் மாற்றி வைத்துவிட்டால் முன்சக்கரங்கள் முன்னோக்கியும் பின்சக்கரங்கள் பின்னோக்கியும் சுழலும். பார்த்தவுடன் சொல்லிவிடாமல், காரை மேசைமேல் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். காரணத்தை அவனே கண்டுபிடித்து மறுபடி கழற்றுவான், உங்கள் பொறுமைக்கும் ஒரு மாலை வேலை கிடைக்கும்.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் வேகம் தரும் என்று கடைக்காரர் சொல்கிறார். அது தீப்பிடிக்கும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். சேலத்து வெயிலுக்கு எது சரி? (வாசகர், சூரமங்கலம், சேலம்)

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. முதல் காருக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே போதும் என்பது என் கருத்து. அதில் 1.2 வோல்ட் அறைகள் (செல்கள்) ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் தரும்; ஓரளவு கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும்.

லிப்போவில் 3.7 வோல்ட் அறைகள் இரண்டு சேர்ந்து 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். எடை குறைவு, இழுவை அதிகம். ஆனால் ஓர் அறை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். ஆகவே காரின் வேகக் கட்டுப்பாட்டுப் பொறியில் வோல்ட் இறங்கியதும் மோட்டாரை நிறுத்தும், லிப்போவுக்கான துண்டிப்பு வசதி இருக்க வேண்டும், அது இயக்கத்திலும் இருக்க வேண்டும். இரு அறைகளையும் சமப்படுத்தும் சார்ஜரால் மட்டுமே ஏற்ற வேண்டும். 3,000 மில்லி ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் 3 ஆம்பியருக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகே இருக்க வேண்டும், பேட்டரி தீத்தாங்கும் பையிலோ சிமெண்டுத் தரையிலோ இருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ஓட்டி முடித்த பேட்டரியைச் சூட்டோடு சூடாக மீண்டும் சார்ஜில் போடாதீர்கள். அதைவிட முக்கியமானது, ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் லிப்போவை வைத்துவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள். இருக்கும் இடங்களிலேயே மிக மோசமான இடம் அதுதான். சில வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் ஓர் அறைக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் இருக்கும்படி வைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எஞ்சின் ஓசையோடு ஓடும் நைட்ரோ கார்தான் உண்மையான பந்தயக் கார் என்கிறான். மலையில் அது ஓடுமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: ஓடும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். அந்த எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகியவற்றின் கலவை. மெத்தனால் குடித்தால் கண்ணும் உயிரும் போகும் நஞ்சு. மலைக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்களவு குறைவு. எஞ்சினுக்குள் போகும் எரிபொருளையும் அதற்கேற்பக் கார்புரேட்டர் ஊசியால் குறைத்து வைக்க வேண்டும். அப்படி வைத்த காரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஓட்டினால், காற்று மிகுந்து எரிபொருள் போதாமல் எஞ்சின் கொதித்துவிடும். மின்மோட்டாருக்குக் காற்றைப் பற்றிய கவலை கிடையாது.

மின்காருக்கு மலையில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். மூடுபனி நாட்களில் ஓட்டினால் ஈரம் ரிசீவரிலும் பேரிங்குகளிலும் தங்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மேற்கூட்டைக் கழற்றி உலரவைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் இட வேண்டும். ஏற்றத்தில் ஓட்டும்போது மோட்டார் சூடேறும் என்பதால் பல் குறைந்த பினியனைப் போட வேண்டும். மலைப்பாதையின் ஓரத்தில்கூட ஓட்டாதீர்கள். காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் யாரேனும் பழக்கமென்றால், அறுவடைக் காலம் கழிந்தபின் காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களத்தைக் கேட்டுப் பாருங்கள். பெருக்கிவிட்டால் போதும், அத்தனை மட்டமான தரை மலையில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

கேள்வி: இதற்கு வயர்லெஸ் உரிமம் வேண்டுமா? இரு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஓட்டினால் அலைகள் மோதிக்கொள்ளுமா? (வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு அந்த அலைவரிசையை இந்திய அரசு 2005ஆம் ஆண்டே உரிமத்திலிருந்து விலக்கிவிட்டது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகத்தை (கிரிஸ்டல்) இருவர் ஒரேமாதிரி மாட்டியிருந்தால் ஒருவர் ரிமோட்டுக்கு மற்றவர் கார் ஓடும். இப்போது ஒவ்வொரு ரிசீவரும் தனக்குரிய ரிமோட்டோடு இணைக்கப்படுவதால் அந்தக் குழப்பம் இல்லை. தொடங்கும்போது ரிமோட்டை முதலிலும், முடிக்கும்போது காரை முதலிலும் என்ற வரிசையை மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: நானும் அப்பாவும் டிடி-02 பூட்டி முடித்துவிட்டோம். அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய பினியன் போட்டால் இன்னும் வேகமாகப் போகுமா? (ஏழாம் வகுப்பு மாணவி, ஆத்தூர், சேலம் மாவட்டம்)

பதில்: தங்கச்சி, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். உன் காரில் பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்கு 70 பல், பினியனுக்கு 22 பல். 70ஐ 22ஆல் வகுத்து, காரின் உட்பல்சக்கர விகிதமான 2.6ஆல் பெருக்கினால் 8.27 வரும். அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். மோட்டார் நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் சுமார் 1,814 முறை சுற்றும். டயரைச் சுற்றி நூல் கட்டி அளந்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இருக்கும். ஆக, நிமிடத்துக்கு 363 மீட்டர், மணிக்குச் சற்றேறக்குறைய 22 கிலோமீட்டர்.

இது தாளில் உள்ள வேகம். தரையில் 20 மீட்டர் அளந்து இரு சாக்பீஸ் கோடுகள் போட்டு, முதல் கோட்டுக்கு நன்றாகப் பின்னாலிருந்து காரை விரட்டி, அப்பாவை நேரம் பார்க்கச் சொல். 4 நொடியில் கடந்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். கணக்கைவிடக் குறைவாக வந்தால் கவலைப்படாதே. 15,000 சுற்று என்பது சுமையில்லாத மோட்டாரின் வேகம், உன் மோட்டார் காரையும் இழுத்துக்கொண்டு காற்றையும் கிழிக்க வேண்டியிருக்கிறது.

25 பல் பினியன் போட்டால் விகிதம் 7.28 ஆகும், தாளில் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை நெருங்கும். ஆனால் மோட்டாரின் உழைப்பும் சூடும் கூடும். ஐந்து நிமிடம் ஓட்டியபின் அப்பாவை மோட்டாரின் மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல். மூன்று நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் மோட்டாரை ஆறவிட்டுப் பழைய 22 பல் பினியனையே மாட்டு, காகிதக் கீற்றை வைத்து இடைவெளியை மறுபடியும் சரிபார்.