வீட்டிலேயே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கார் பெயிண்டை பாலிஷ் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாட்டர் பேப்பரே (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேவைப்படாது, காம்பவுண்டும் (நுண்ணிய துகள் கலந்த தேய்ப்புப் பசை) பாலிஷும் போதும். அதனால் பேப்பரை வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிப் போனால் அது பாலிஷிலேயே போகிற கீறல். நகம் லேசாகத் தட்டினால், பேப்பர் போடலாமா என்று யோசிக்கலாம். நன்றாகவே மாட்டிக்கொண்டால் தேய்த்துப் பயனில்லை. அந்தப் பள்ளத்தின் அடிவரைக்கும் சுற்றியுள்ள பெயிண்டை இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவு பெயிண்ட் அங்கே கிடையாது. அப்படிப்பட்ட கீறலை டச்-அப் பெயிண்ட் வைத்து நிரப்புவதுதான் வழி.

எவ்வளவுதான் இருக்கிறது? இன்றைய கார்களில் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. நாம் தேய்ப்பது, பாலிஷ் அடிப்பது எல்லாமே இந்த அடுக்கில்தான். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். அதனால் இதில் பாதியைத் தேய்த்து எடுத்துவிட்டால் இன்று கண்ணாடி மாதிரி மின்னும், சில வருடங்களில் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் எல்லா அடுக்குகளையும் சேர்த்துத்தான் காட்டும், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. உலோகத்துக்கான சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.

சரி, எப்போதுதான் பேப்பர் போடுவது? புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலில் ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம் இருந்தால், பெயிண்ட் வழிந்து கட்டியிருந்தால், டச்-அப் வைத்த இடம் புடைத்து நின்றால் போடலாம். பறவை எச்சம் அரித்த தடம் பாலிஷுக்கு அசையவில்லை என்றாலும் போடலாம், அந்த இடத்தில் மட்டும். நான் முழு வண்டியையும் தேய்க்கச் சொல்லவே மாட்டேன்.

2000 நம்பர் பேப்பரில் ஆரம்பியுங்கள், 3000-இல் முடியுங்கள், நம்பர் கூடக் கூட பேப்பர் நைசாக இருக்கும். 1500 வேகமாக வெட்டும், ஆனால் அது விடும் கோடுகளை எடுக்கவே தனியாக உழைக்க வேண்டும். பேப்பரைத் தண்ணீரில் கால் மணி நேரமாவது ஊறவிடுங்கள். வாளித் தண்ணீரில் சில சொட்டு கார் ஷாம்பு விட்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு ஓடும். வெறும் விரலால் தேய்க்க வேண்டாம், அழுத்தம் விரல் நுனிகளில் குவிந்து பள்ளம் விழும். ரப்பர் பிளாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணல் துணுக்கு அடியில் மாட்டினாலும் புதுக் கீறல்தான், அதனால் பேப்பரையும் பேனலையும் அடிக்கடி அலசுங்கள். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் மெலிதாக இருக்கும், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கை அழுத்தாமல் ஒரே திசையில் சில முறை ஓட்டிவிட்டுத் தண்ணீரை வழித்துப் பாருங்கள். உயர்ந்த இடமெல்லாம் வெளிறி மங்கியிருக்கும், பள்ளமெல்லாம் இன்னும் பளபளவென்று புள்ளிபுள்ளியாகத் தெரியும். இந்தப் புள்ளிகள்தான் உங்கள் அளவுகோல். புள்ளிகள் குறையக் குறைய மேற்பரப்பு சமமாகிறது என்று அர்த்தம். கடைசிப் புள்ளியும் மறையும்வரை தேய்க்கத்தான் கை பரபரக்கும். நாலைந்து புள்ளிகளை விட்டுவிடுங்கள், பாலிஷ் ஆன பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. வழியும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருவது கிளியர் கோட். வண்டியின் நிறம் கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள், நிற அடுக்கைத் தொட்டுவிட்டீர்கள். கிளியர் கோட்டே இல்லாத பழைய வகைப் பெயிண்டில் மட்டும் நிறம் வருவது இயல்பு.

அப்புறம் 3000-ஐக் குறுக்குத் திசையில் ஓட்டுங்கள். பழைய கோடு எது, புதியது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

உண்மையான வேலை இனிமேல்தான். உள்ளங்கையளவு இடம் என்றால் பேப்பர் விட்ட கோடுகளைக் காம்பவுண்ட் வைத்துக் கையாலேயே எடுத்துவிடலாம், தோள் கொஞ்சம் வலிக்கும். முழு பேனலுக்கு பாலிஷ் மெஷின் வேண்டும். சுற்றிக்கொண்டே அதிரவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷினை வாங்குங்கள். ஒரே மையத்தில் சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும், ஆனால் ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் கருகும், பழகாத கைக்கு ஆகாது. மெஷினைக் கரண்டில் சொருகும் முன் தரையையும் கையையும் ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். நிழலில், சூடு ஆறிய பேனலில், ஒன்றரை அடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, பட்டாணி அளவில் சில சொட்டு காம்பவுண்ட் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். மெஷினில் மாட்டும் பேடை (மெத்தை போன்ற வட்டு) மாற்றிவிட்டு, ஃபினிஷிங் பாலிஷ் அதற்குப் பிறகு.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கோடுகளை மறைத்துவைக்கும். துடைக்காமல் பார்த்தால் எல்லாம் அருமையாக இருக்கிற மாதிரியே தெரியும், ரெண்டு தடவை வண்டியைக் கழுவினால் கோடெல்லாம் எழுந்து நிற்கும்.

பாலிஷ் பளபளப்பைத்தான் தரும், பாதுகாப்பைத் தராது. அதனால் கடைசியில் மெழுகோ சீலண்டோ (பெயிண்டின் மேல் பாதுகாப்புப் படலமாக நிற்கும் பூச்சு) போடுங்கள். புதிதாக அடித்த பெயிண்ட் என்றால் அது முழுதாகக் காய, பெயிண்ட் தயாரிப்பாளர் சொல்லும் நாள்வரை மெழுகு வேண்டாம்.

உங்களுடையது பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டி என்றால் இதில் எதையுமே செய்யாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் தனியாக மின்னும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை, முழு பேனலுக்கும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.