மண்டிக்கு வரும் இறக்குமதி உருளையை விதைக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "இறக்குமதி உருளைக்கிழங்குக்கு இருந்த பழைய பயிர்நல ஆணைகளை வெளிநாடுகளில் நீக்குகிறார்களாமே, இங்கேயும் கெடுபிடி குறையுமா? மண்டிக்கு வரும் பூட்டான் கிழங்கை வாங்கி அரை ஏக்கரில் நடலாமா?"

நடாதீர்கள். பழைய ஆணையை எடுப்பதால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலும் அதே கட்டுப்பாடு புதிய சட்டத்துக்குள் வந்திருக்கும். பழையது ஏட்டில் மட்டும் கிடக்கும். நம் நாட்டிலும் 1989 இறக்குமதி ஆணை போய், வெளிநாட்டு நோயும் பூச்சியும் உள்ளே வராமல் தடுக்கும் 2003 பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை வந்தது, விதி இன்னும் இறுகியது. அதன்படி உணவுக்கு வரும் கிழங்கு வேறு, நடவுக்கு வரும் கிழங்கு வேறு. நடவுக்கென்றால் நிபந்தனைகள் மிகக் கடுமை. மண்டிக்கு வருவது சமையலுக்காக அனுமதிக்கப்பட்ட சரக்கு.

முக்கியமான பயம் பழுப்பு அழுகல் என்ற பாக்டீரியா நோய். எகிப்து உருளைக்கு ஐரோப்பிய நாடுகள் தனி விதி போட்டதே இந்த பாக்டீரியாவுக்காகத்தான். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் இது வாட வைக்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளியை நம்பியிருக்கும் நமக்கு, ஒரு மூட்டைக் கிழங்கு பல போகத் தக்காளியைக் கெடுத்துவிடும்.

கிழங்கைக் கொடி ஒட்டியிருந்த முனைப் பக்கம் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அழுத்தினால் பால் போன்ற துளிகள் கசிந்தால் இந்த நோய்தான், சந்தேகமே வேண்டாம். வாடிய செடியென்றால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் முனை மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். நோய் இருந்தால் சில நிமிடத்தில் கசிவு வெள்ளை நூல் போல இறங்கும். ஆனால் கிழங்கு பார்க்கச் சுத்தமாக இருந்தும் உள்ளே நோய் இருக்கலாம். அதனால் இந்தச் சோதனை நோயைக் காட்டுமே தவிர, கிழங்கு நல்லது என்று சான்று தராது.

இன்னொன்று, சமையல் கிழங்குக்குக் கிடங்கில் முளைப்பைத் தடுக்கும் மருந்து அடித்திருக்கலாம். நட்டால் கண் திறக்காது, திறந்தாலும் சீராக வராது. ஏக்கருக்கு 1,000 முதல் 1,400 கிலோ விதை போடும் பயிரில் அது பெரிய நஷ்டம்.

விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பாருங்கள்: ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அட்டையில் உள்ள குவியல் எண்ணும் (லாட் நம்பர்) பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று சரிபார்த்து, அறுவடை முடியும்வரை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 40 முதல் 50 கிராம் கிழங்கை முழுசாக நடுவதே நல்லது. வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கிருமிநாசினியில் நனையுங்கள். நோயைப் பரப்புவதில் கத்திக்குப் பெரிய பங்கு உண்டு.

நீலகிரி விதையும் வேண்டாம். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு அங்கே 1961-லேயே கண்டறியப்பட்டது; 2018-ல் மத்திய அரசு தமிழகம் உள்ளிட்ட மலைப்பகுதி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை போட்டதும் அதற்காகத்தான். அந்த முட்டைக்கூடு மண்ணில் 20 ஆண்டுகூடக் கிடக்கும்.

ஏற்கெனவே ஒரு மூலையில் நட்டு, செடி வாடத் தொடங்கியிருந்தால் அந்தப் பாத்தியிலிருந்து தண்ணீர் வேறு பாத்திக்குப் போகாமல் முதலில் அடையுங்கள். செடியைக் கிழங்கோடும் வேர் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள், வாய்க்காலில் போடாதீர்கள். அடுத்த 2, 3 ஆண்டு ராகியோ மக்காச்சோளமோ மட்டும் போட்டு, தானாக முளைக்கும் உருளைச் செடியைக் கண்ட இடத்தில் பிடுங்கிவிடுங்கள்.