பாலியில் உலுவாட்டுக் கோயிலின் கெச்சாக் நடனம் பார்க்கத் தகுந்ததா, அல்லது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்ட போலியா?

பார்க்கத் தகுந்தது. நேரம் இருந்தால் இரண்டு முறைகூடப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள "போலி" என்ற சொல் என்னை உறுத்தியது. பாலிக்குச் சென்று வந்தவர்கள் பலர் இதே சொல்லை மிக எளிதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் ஐந்தாறு நாள் பயணமாகக் குடும்பத்தோடு செல்லவிருக்கிறீர்கள் என்றும், அதில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாமா என்று தயங்குகிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் 2023 ஜூலையில் என் தாயாரோடு சென்றேன். அப்போது அவருக்கு 67 வயது. செய்யாற்றுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். பின்னர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். நான் நடன ஆய்வாளன் அல்லன். அவர் அருகில் அமர்ந்து பார்த்ததால் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

உலுவாட்டு, பாலித்தீவின் தென்மேற்கு முனையில், கடலுக்கு மேலே ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. தீவின் ஆறு முதன்மைக் கோயில்களுள் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த டாங் ஹ்யாங் நிரார்த்தா என்ற துறவி இங்கேதான் முக்தியடைந்தார் என்பது பாலி மக்களின் நம்பிக்கை. கால்களை மறைக்காமல் வருபவர்களுக்கு வாசலிலேயே சுற்றிக்கொள்ள ஒரு துணியைத் தருகிறார்கள். மற்றவர்கள் இடுப்பில் ஒரு கச்சையைக் கட்டிக்கொள்ள வேண்டும். புடவையில் வந்திருந்த அம்மாவும் அந்தக் கச்சையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வழிபட வருபவர்கள் மட்டுமே உள் சுற்றுக்குள் செல்லலாம் என்பதால் நாங்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, பாறை விளிம்பை ஒட்டிய நடைபாதையில் நடந்தோம். கீழே அலை மோதும் சத்தம் மேலே வந்து சேர ஒரு கணம் பிடிக்கிறது.

நடனம் கோயிலுக்குள் நடப்பதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்துப் படிப்படியாகக் கட்டப்பட்ட திறந்தவெளி அரங்கில் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. போலியா என்ற கேள்விக்கு இது முக்கியம். பாலியில் எந்த ஆட்டம் சாமிக்கு, எந்த ஆட்டம் மனிதர்களுக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. 1971இல் பாலியின் தலைநகர் டென்பசாரில் கூடிய கருத்தரங்கு, கோயிலின் உட்புறத்தில் சடங்காக ஆடப்படுபவை வாலி, சடங்கோடு சேர்ந்து ஆடப்படுபவை பெபாலி, மக்கள் பார்த்து மகிழ்வதற்கானவை பாலி-பாலிஹான் என்று மூன்றாகப் பிரித்தது. 2015இல் யுனெஸ்கோ பாலி நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தபோதும் இந்த மூன்று வகைகளையும் வைத்தே சேர்த்தது. நாம் பார்க்கும் கெச்சாக் மூன்றாவது வகை. அதை யாரும் நம்மிடம் சடங்கு என்று சொல்லி விற்கவில்லை.

இனி அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். கையில் மத்தளமோ தாளமோ இல்லாமல் எழுபது ஆண்களுக்குக் குறையாமல் வரிசையாக உள்ளே வந்தார்கள். மேலாடை இல்லை, இடுப்பில் கறுப்பும் வெள்ளையுமான கட்டம்போட்ட துணி, காதோரத்தில் செம்பருத்திப் பூ. அவர்கள் பக்கத்துப் பெச்சாட்டு கிராமத்துக்காரர்கள். நடுவில் பல கிளைகளுள்ள ஓர் எண்ணெய் விளக்கு எரிந்தது. பூசாரி தீர்த்தம் தெளித்து முடித்ததும், விளக்கைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக அமர்ந்து "சக்" என்று தொடங்கினார்கள். முதலில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து அம்மா என் முழங்கையைத் தொட்டு, "கவனி, எல்லாரும் ஒண்ணா சொல்லல. ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுக்கறாங்க" என்றார். அது உண்மை. கூட்டம் பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் வேறொரு தாளத்தில் அதே சொல்லை உச்சரிக்கிறது. இடைவெளிகள் ஒன்றையொன்று நிரப்புவதால் நம் காதுக்கு இடைவெளியே இல்லாத ஒரே ஓட்டமாக வந்து சேர்கிறது. ஒருவர் மட்டும் "புங், புங்" என்று காலம் பிடிக்கிறார், இன்னொருவர் மேலே ராகம் இழுக்கிறார், தலைவர் குரல் கொடுத்தால் எழுபது தொண்டைகளும் ஒரே கணத்தில் நிற்கின்றன. இசைக்கருவியே இல்லாமல் மனிதக் குரலால் ஒரு முழுப் பக்கவாத்தியத்தைக் கட்டுகிறார்கள்.

கதை ராமாயணம். பொன்மான், கிழவன் வேடத்தில் தண்ணீர் கேட்டு வரும் ராவணன், சீதையைத் தூக்கிச் செல்வது, வழிமறிக்கும் கருடன் என்று போகும். சீதையை அவர்கள் சிந்தா என்கிறார்கள். அதே ஆண்கள் கூட்டம் ஒரு நேரம் காடாக அசைகிறது, ஒரு நேரம் காற்றாகிறது, கைகளை உயர்த்தி விரல்களை நடுங்கவிட்டால் நெருப்பாகிறது. ஆறேகாலுக்குச் சூரியன் கடலில் இறங்கியது. அதுவரை கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களில் பாதிப் பேர் அதோடு நிகழ்ச்சியே முடிந்ததுபோல் கைப்பேசிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் ஆட்டம் தொடங்கியதே அதன் பிறகுதான். வானம் கறுத்ததும் அந்த ஒரு விளக்குக்குத்தான் எல்லா வேலையும் வந்து சேர்ந்தது. முகங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன.

சிறையிருக்கும் சிந்தாவின் அருகே ஒரு பெண் வந்து அமர்ந்ததும் அம்மா, "இது திரிசடை" என்றார். எங்கள் முன்வரிசைக்காரரின் கையிலிருந்த கதைச்சுருக்கத் தாளை வாங்கிப் பார்த்தேன். திரிஜட்டா என்றுதான் இருந்தது. வால்மீகியில் திரிசடை ஒரு முதிய அரக்கி. கம்பரில் வீடணன் மகள், சீதைக்குத் தோழியாகித் தேற்றுபவள். பழைய ஜாவா மொழி ராமாயணத்திலும் அவள் வீடணன் மகளே. இந்தோனேசியாவும் தமிழும் இந்த ஓரிடத்தில் ஒன்றாக நிற்பதைக் கடலுக்கு மேலே, இருட்டில், மொழி புரியாமல் உட்கார்ந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கண்டுகொண்டார். எனக்கு இதில் பெருமை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அனுமன் வந்தார். வெள்ளை உடம்போடு பார்வையாளர் படிக்கட்டில் ஏறி, ஒருவரின் தொப்பியைப் பறித்துப் போட்டுக்கொண்டு, ஒரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்தார். "இதெல்லாம் மரபா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான் சுட்டுவார்கள். எங்கள் ஊர்க் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன், முன்வரிசையில் தூங்குபவரைப் பெயர் சொல்லி எழுப்பிவிட்டு மீண்டும் துரியோதனன் சபைக்குத் திரும்புவான். அதனால் யாரும் அதைக் கூத்து இல்லை என்று சொன்னதில்லை.

அனுமனைப் பிடித்துக் கட்டினார்கள். உலர்ந்த தேங்காய் மட்டையைச் சுற்றிலும் அடுக்கினார்கள். சரியாக அந்த நேரத்தில் எங்கள் பயண ஏற்பாட்டாளர் எழுந்து நின்று தன் சிறு கொடியை ஆட்டினார். ஜிம்பாரன் கடற்கரையில் ஏழரை மணிக்கு இரவு உணவு, போக்குவரத்து நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் குழுவில் 22 பேர். இருபது பேர் எழுந்துவிட்டார்கள். அவர் எங்கள் வரிசைக்கு வந்து, "அம்மா, நேரமாச்சு, எழுந்திருங்க. முடியறதுதான், இனிமே ஒண்ணும் இல்ல" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "அனுமாரைக் கட்டிப் போட்டிருக்காங்க. அப்படியே விட்டுட்டு எப்படிப்பா எழுந்து வர்றது?" என்றார்.

அதை அவர் ஒரு வயதான பெண்ணின் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அது கூத்து பார்ப்பவர்களின் ஒழுங்கு. துகிலுரிதல் நடக்கும் இரவில் திரௌபதிக்குச் சேலை வளர்ந்து முடியும்வரை எங்கள் ஊரில் பெண்கள் இடத்தைவிட்டு எழமாட்டார்கள். துன்பத்தில் இருப்பவரைப் பாதியில் விட்டுப் போகக்கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. வண்டி காத்திருக்காது என்று அந்த ஏற்பாட்டாளர் எல்லோர் முன்னிலையிலும் குரலை உயர்த்தினார். நானும் எழவில்லை. நாங்கள் முழு நிகழ்ச்சிக்கும் பணம் கொடுத்திருந்தோம். ஊர் திரும்பிய பிறகு அந்த நிறுவனத்துக்கு எழுதியபோது, "நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னோம், முடியும்வரை இருப்பதாகச் சொல்லவில்லை" என்ற பொருளில் பதில் வந்தது. இதை மட்டும் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. குழுவாகச் செல்பவர்கள் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீ வைத்தார்கள். அனுமன் கட்டை அறுத்துக்கொண்டு எரியும் மட்டைகளைக் காலால் எற்றினார். அவை சிதறிய வேகத்தில் ஒரு கங்கு எங்களுக்கு இரண்டு படி கீழே விழுந்தது. ஊழியர் ஒருவர் ஈரச் சாக்கோடு ஓடிவந்து அதை அழுத்தினார். சாக்கை எடுத்ததும் கல்லில் உள்ளங்கையளவு கருவளையம் இருந்தது. அம்மா கைகூப்பியிருந்தார்.

கெச்சாக் பழமையானதா என்றால், இந்த வடிவத்தில் இல்லை. கொள்ளைநோய்க் காலங்களில் ஊரைக் காக்க ஆடப்பட்ட சங்யாங் என்ற சாமியாட்டத்தில் ஆண்கள் எழுப்பிய குரலைத் தனியே எடுத்து, ராமாயணத்தோடு சேர்த்து, 1930களில் வளர்த்த கலை இது. பெடுலு கிராமத்து ஆட்டக்காரர் வயான் லிம்பாக்கின் பெயரும், பாலியில் வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸின் பெயரும் இதில் சேர்ந்தே சொல்லப்படும். "வெள்ளைக்காரன் செய்து கொடுத்தது" என்று முடித்துவிடுபவர்கள் லிம்பாக்கையும், அந்தக் குரலைத் தலைமுறைகளாக வைத்திருந்த கிராமங்களையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. சதிர் என்று அழைக்கப்பட்ட நம் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைக்கு வந்ததும் அதே 1930களில்தான். ருக்மிணி தேவி அடையாற்றில் முதலில் அரங்கேறியது 1935இல். அதை நாம் தயக்கமின்றி ஈராயிரம் ஆண்டு மரபு என்கிறோம், பெச்சாட்டுக்காரர்களிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம். பரதநாட்டியத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணத்துக்கு ஆடுகிறார்கள் என்ற குறைக்கும் என்னிடம் மரியாதை இல்லை. எங்கள் ஊரில் சென்ற சில திருவிழாக்களாகக் கூத்தை நள்ளிரவோடு நிறுத்திவிட்டு, பேசிய தொகையிலும் பிடித்தம் செய்கிறார்கள். அதே விழாவில் மெல்லிசைக் குழுவுக்குக் கேட்ட பணம் போகிறது. ஆட்டத்துக்கு அன்றாடம் கூலி கிடைக்கும் ஊரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வருகிறது.

நீங்கள் செல்லும்போது நான்கரை மணிக்கே போய்விடுங்கள். நான் சென்றபோது கோயில் நுழைவு 50,000 ரூப்பியா, நடனத்துக்குத் தனியாக 1,50,000 ரூப்பியா. நம் பணத்தில் நடனத்துக்கு மட்டும் எண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். இருக்கை எண் கிடையாது, முந்துபவருக்கே நல்ல இடம். முன்வரிசை வேண்டாம், தீ நெருங்கும். நடுப்படிகளில் அமர்ந்தால் கடலும் தெரியும், வட்டமும் தெரியும். குரங்குகள் கண்ணாடியையும் கைப்பேசியையும் பறித்து, தின்னக் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. விலையுயர்ந்த பொருள் எது என்று முதிர்ந்த குரங்குகள் தெரிந்தே எடுக்கின்றன என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. அம்மா கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து, அரங்கில் அமர்ந்த பிறகே அணிந்தார்.

முடிந்ததும் கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. ஆட்டக்காரர்கள் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலம் பிடித்தவர் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தார். கூத்துக்காரர்களுக்குக் கொடுத்துப் பழகிய கை அது; பையைத் துழாவிப் பனங்கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, சுவை பிடிபட்டதும் சிரித்து, பொட்டலத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். நாங்கள் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் அது கைமாறிக்கொண்டே இருந்தது.