ஊரிலிருந்து வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் எட்டு ஆண்டுகளாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். நியூயார்க்கில் உள்ள ஒரு சிறு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் வேலை தர முன்வந்திருக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம், அவர்களுடைய காலை நேரத்தில் பேசக் கிடைத்தால் போதும் என்கிறார்கள். தென்காசி மாவட்டத்தில் கடையம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்களோடு போய் இருந்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். கேபிள்காரர் ஃபைபர் இழுத்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் கரண்ட் அடிக்கடி போகும். நல்ல இன்வெர்ட்டர் ஒன்று போட்டால் போதுமா? டாலரில் வரும் பணத்துக்கு வரி எப்படி? அடுத்த ஆண்டு இரண்டு மூன்று மாதம் தாய்லாந்தில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்யவும் ஆசை. நடக்குமா?

ச.

அன்புள்ள ச.,

இன்வெர்ட்டர் மட்டும் போதாது. கரண்ட் போனதும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ரௌட்டரும் ஓடும். இணையம் மட்டும் இருக்காது. ஃபைபரின் மறுமுனையில், கேபிள்காரரின் அறையில், ஓஎல்டி என்றொரு பெட்டி இருக்கிறது. அதற்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில், ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர்களுக்கு மின்சாரம் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் அதிலிருந்து பிரியும் எல்லா வீடுகளும் நின்றுபோகும். எத்தனை எம்பிபிஎஸ் தருவீர்கள் என்று கேட்கும் முன் அவரிடம், ‘கரண்ட் போனா உங்க ஓஎல்டி எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்று கேளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மதியம் இரண்டுக்கு வரும், சில இடங்களில் மாலையில்தான் வரும். அவரிடம் இருப்பது ஒரு மணி நேர பேட்டரி என்றால், மாற்று வழி எப்போதாவது தேவைப்படும் ஒன்றாக இருக்காது. மாதாமாதம் வேண்டியிருக்கும்.

அந்த மாற்று வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் வழி எதனால் நிற்கிறதோ அதே காரணத்தால் இரண்டாவதும் நின்றால் கையில் இருப்பது ஒரே வழிதான். இன்னொரு நிறுவனத்தின் ஃபைபரை வாங்கினாலும் அதுவும் அதே மின்கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டு வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்து அறுபடும். வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். அதனால் இரண்டாவது வழி மொபைல் கோபுரம் மூலம் வரட்டும். சிம்மை மட்டும் பார்க்காமல் கோபுரத்தையும் பாருங்கள். கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்தும் சிக்னல் நிற்கிறதா என்று அடுத்த பராமரிப்பு நாளில் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்தின் கோபுரம் தாங்குகிறதோ அந்த சிம். தினமும் ஒன்றரை ஜிபி தரும் திட்டம் உதவாது. வீடியோ அழைப்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி தின்னும், அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிடும்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குகிறதே, நம் பக்கம் நெட் நன்றாகத்தான் இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். ஓர் அலுவலக வளாகம் தனக்கென்று ஏற்பாடு செய்துகொள்ளும் இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் உங்கள் தெருக் கம்பத்துக்கும் சம்பந்தமில்லை.

சென்னை வீட்டைக் காலி செய்யும் முன் ஒரு வாரம் ஊரில் தங்கிச் சோதியுங்கள். சோதிக்க வேண்டியது இரவு ஏழிலிருந்து பத்தரை வரை. ஊரே மொபைலில் வீடியோ பார்க்கும் நேரம் அது, உங்கள் கூட்டங்களும் அப்போதுதான். ஒரு வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் நான்கு எம்பிபிஎஸ் தாராளம், வேகத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம். சிறு தரவுத் துண்டுகளை (பாக்கெட்) அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைப் பதினைந்து நிமிடம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பாக்கெட் தொலைந்தால் எத்தனை எம்பிபிஎஸ் இருந்தும் குரல் உடையும். ஃபைபர் வந்த பிறகு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) சுற்றி இருந்தால் நல்லது. மைனஸ் 27க்கும் கீழே போனால் எங்கோ ஒட்டு சரியில்லை அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. ரௌட்டரில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ரௌட்டரை அணைத்துப் போடுவதில் பலனில்லை. வழியில் ஒளி வரவில்லை என்று அர்த்தம், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இரண்டு இணைப்புக்கும் இடையே தானாக மாறும் ரௌட்டர் உண்டு, வாங்கலாம். ஆனால் மாறும்போது ஐபி முகவரி மாறும், அழைப்பு அறுந்து திரும்ப ஒட்டும், நிறுவனத்தின் கணினிகளோடு இணைக்கும் விபிஎன் மறுபடி உள்நுழையச் சொல்லும். முக்கியமான கூட்டம் என்றால் போனிலும் மொபைல் தரவு வழியாக அதே கூட்டத்தில் சேர்ந்து, ஒலியை இணைக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள். லேப்டாப் அறுந்தால் போனில் பேச்சைத் தொடரலாம்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். ப்யூர் சைன் வேவ் வகை வாங்குங்கள். மலிவான ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், அடாப்டர்கள் சூடாகும். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி இருக்கும். அதில் கிடைப்பது 1100தான், மீதி இழப்பிலும் பேட்டரியை முழுக்க வடிக்காமல் விடுவதிலும் போய்விடும். லேப்டாப்புக்கு 60 வாட், ரௌட்டருக்கு 10, ஒரு சாதாரண ஃபேனுக்கு 75, விளக்குக்கு 10 என்று வைத்தால் ஏழு மணி நேரம். ஃபேனை பிஎல்டிசி என்ற மின்சிக்கன வகைக்கு மாற்றினால் 30 வாட்டில் முடியும், பத்து மணி நேரம் ஓடும். அப்பா அம்மா அறை ஃபேனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் கரண்ட் போனால் முதலில் தவிப்பது அவர்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும், ஆனால் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்தில் 170 வருவது சாதாரணம். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி வடிந்துகொண்டிருக்கும், நிஜமாகவே போகும்போது ஒன்றும் மிஞ்சாது. லேப்டாப்பில் அதன் சொந்த பேட்டரி இருப்பதால் நார்மல் நிலையே போதும். அந்தச் சிறு இடைவெளியில் ரௌட்டர் அணைந்து எழாமல் இருக்க 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை அதற்கு மட்டும் போடுங்கள்.

எர்த்தையும் பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் அது காரணமாக இருக்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஐப்பசி இடி மழை தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

நியூயார்க்கின் காலை ஒன்பது மணி, கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஊர்க் கோயில் கொடைக்கும் நாள் குறித்துவிடுங்கள். மைக்செட் கட்டிய பிறகு எந்த ஹெட்செட்டும் உதவாது. அந்த இரண்டு மூன்று நாளைக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிட்டு கொடையில் இருங்கள். ஊருக்குப் போவதே இதற்கும்தானே.

பணம். ஒப்பந்தத்தில் நீங்கள் ஊழியர் இல்லை, தொழில் செய்பவர். 44ஏடிஏ என்று அறியப்படும் முறையில், தகவல் தொழில்நுட்பத் தொழிலில் ஆண்டு வரவு 75 லட்சம் வரை (ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால்) வரவில் பாதியை வருமானமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி கட்டலாம். முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஏற்றுமதி என்பதால் வரி கிடையாது, ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும், அதை மறந்தால் சிக்கல். ஒவ்வொரு தொகைக்கும் வெளிநாட்டு வரவுச் சான்றை வாங்கிச் சேமியுங்கள். பணம் எதற்காக வந்தது என்று வங்கிக்குச் சொல்லும் நோக்கக் குறியீடு பி0802, மென்பொருள் ஆலோசனை என்று இருக்கட்டும். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று காட்டும் டபிள்யூ-8பென் படிவத்தை அமெரிக்க நிறுவனம் கேட்கும், நிரப்பிக் கொடுங்கள். முதல் ஆண்டு ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்வதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று எனக்குக் கவலை தருகிறது. இப்போதைய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பா அம்மா இருந்தால், வேலையை விடும் நாளில் அது முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம். ராஜினாமா கொடுக்கும் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். இன்வெர்ட்டருக்கு முன் செய்ய வேண்டியது இது.

தாய்லாந்து நடக்கும். 2024 ஜூலையில் அவர்கள் கொண்டுவந்த டிடிவி விசா ஐந்து ஆண்டு செல்லும், ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். வங்கியில் ஐந்து லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் சான்றும் வேண்டும். இரண்டு மூன்று மாதம்தான் என்றால் உங்கள் வரி இந்தியாவிலேயே இருக்கும். வங்கி ஓடிபி வருகிற இந்திய சிம்மில் ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நவம்பருக்குப் பிறகு போனால் நியூயார்க்கின் காலை ஒன்பது மணிக் கூட்டம் உங்களுக்கு இரவு ஒன்பதுக்குத் தொடங்கும், நான்கு மணி நேரம் என்றால் முடிய ஒன்றாகும். ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் போனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம்.