மூட்டில் அறுவை சிகிச்சை ஆன குதிரையை வாங்கலாமா?

கேள்வி: ஏழு வயதுள்ள, காயடித்த ஆண் குதிரை ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் உயரம் வரை தடை தாண்டப் பழக்கும் எண்ணம். இரண்டு வயதில் வலது பின்கால் ஹாக் மூட்டில் (நம் கணுக்காலுக்கு ஈடான மூட்டு) ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்து எலும்புத் துண்டு ஒன்றை எடுத்தார்களாம். மூட்டு சற்றே உப்பலாக இருக்கிறது, நொண்டல் இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்: அறுவை செய்த மருத்துவமனையின் அறிக்கை, இப்போது புதிதாக எடுத்த எக்ஸ்ரே. வாய்வார்த்தையை நம்பி முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

இளம் வயதில் ஹாக்கிலிருந்து துண்டு எடுத்தார்கள் என்றால் பெரும்பாலும் காரணம் ஓசிடி (ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ் டிசெகன்ஸ்) என்னும் மூட்டுக் கோளாறு. குட்டி வளரும்போது குருத்தெலும்பு ஓரிடத்தில் சரியாக எலும்பாக மாறாமல் நின்று, அங்கே ஒரு சில்லு பெயர்ந்துகொள்ளும். ஹாக்கில் இது அதிகமாக வருவது ஹாக்கிற்கு மேலே உள்ள டிபியா எலும்பின் கீழ்முனையில், நடு மேட்டில். அந்த இடம் உடல் எடையை அவ்வளவாகத் தாங்குவதில்லை. அதனால்தான் சில்லை எடுத்த பிறகு பெரும்பாலான குதிரைகள் முழு வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. இதே தைரியத்தை எல்லா மூட்டுக்கும் கொடுக்க முடியாது. ஸ்டைஃபிள் மூட்டில் (பின்காலில் நம் முழங்காலுக்கு ஈடான மூட்டு) தொடை எலும்பின் உட்பக்கக் குமிழில் நீர்க்கட்டி இருந்தது என்றால் அது எடை தாங்கும் இடம், நிலைமை வேறு. பந்தயக் குதிரையின் முன்கால் முழங்காலில் சில்லு உடைந்திருந்தால், ஓடி ஓடி அடிபட்ட மூட்டு அது. பின்னால் தேய்மானம் வரும் வாய்ப்பும் அதிகம்.

அறிக்கையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதே. மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தவர் எழுதி வைத்ததுதான் அதற்கு ஒரே நேரடிச் சாட்சி. எத்தனை துண்டு, எந்த இடத்தில், சுற்றியிருந்த குருத்தெலும்பு வழவழப்பாக இருந்ததா, அடி எலும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததா என்று பாருங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் கேளுங்கள். ஓசிடி பல நேரம் இரண்டு கால்களிலும் இருக்கும். இடது ஹாக்கை அன்று படம் எடுத்தார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும். உரிமையாளர் அனுமதி தராமல் மருத்துவமனை இதையெல்லாம் வெளியே கொடுக்காது. அந்த அனுமதியைத் தர விற்பவர் இழுத்தடித்தால், அந்தக் குதிரையை அத்தோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, நடுவில் போன ஐந்து ஆண்டுகள். ஒழுங்காகச் சவாரி செய்து, தடை தாண்டி, போட்டிக்கும் போய் வந்த குதிரை என்றால் மூட்டு ஏற்கெனவே தேர்வு எழுதித் தேறிவிட்டது. மேய்ச்சலிலேயே காலம் தள்ளிய குதிரை என்றால், இப்போது நொண்டாமல் இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உப்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஹாக்கின் முன்புறம் உட்பக்கத்தில் இருக்கும் பையை விரலால் அழுத்தினால், மூட்டு நீர் நகர்ந்து பின்பக்கப் பை புடைக்கும். மிருதுவாக, குளிர்ச்சியாக, தொட்டால் கூசாமல், வேலைக்கு முன்னும் மறுநாளும் ஒரே அளவில் இருந்தால், முன்பு நீண்டகாலம் நீர் நிறைந்து மூட்டுறை தளர்ந்ததன் மிச்சமாக இருக்கலாம். பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். சூடாக, இறுக்கமாக, வேலை செய்த மறுநாள் பெரிதாகிறது என்றால் மூட்டுக்குள் அழற்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பரிசோதனைக்கு விற்பவரின் மருத்துவரைக் கூப்பிடாதீர்கள். உங்கள் தரப்பு மருத்துவர் ஒருவரை அழைத்து வாருங்கள். கெட்டித் தரையில் நேராகவும், இரண்டு பக்கமும் வட்டமாகவும் டிராட் (மிதமான துள்ளு நடை) ஓட்டிப் பார்க்க வேண்டும்; சவாரி செய்து வியர்த்த பின் ஓய்வு கொடுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். பின்காலை 60 முதல் 90 விநாடி மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடும் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள்: ஹாக்கை மடக்கினால் ஸ்டைஃபிளும் கூடவே மடங்கும். அதனால் நொண்டினால் குற்றம் ஹாக்கில்தான் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு காலையும் மடக்கி, வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே இரண்டு ஹாக்கிலும், ஒவ்வொன்றுக்கும் நான்கு கோணங்கள். இங்கேதான் வாங்குகிறவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். தழும்பு இருக்கும் மேல் மூட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, ஹாக்கிலேயே அதற்குக் கீழே உள்ள சிறு மூட்டுகளை விட்டுவிடுகிறார்கள். தடை தாண்டும் குதிரைக்குத் தேய்மானம் அதிகம் வருவது அந்தக் கீழ் மூட்டுகளில்தான். மேல் மூட்டின் விளிம்புகளில் எலும்பு முள் வளர்ந்திருந்தால் நான் ‘வேண்டாம்’ என்றே சொல்வேன். அதே மூட்டில் இரண்டாவது முறை அறுவை நடந்திருந்தாலும், அறுவைக்குப் பின் மூட்டில் சீழ் பிடித்திருந்தாலும் அப்படியே.

வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் நடக்கிறது. பரிசோதனை அன்றே ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் வைத்துவிட்டால், பின்னால் சந்தேகம் வரும்போது பினைல்பியூட்டசோன் போன்றவற்றைக் கண்டுபிடிக்கலாம். மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசி விஷயம் தந்திரமானது: ரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் அதன் பலன் நீடிக்கும். கடந்த ஆறு மாதத்தில் எந்த மூட்டிலாவது ஊசி போட்டார்களா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்குங்கள். அண்மையில் போட்டிருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள்.

காப்பீடு எடுப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள். அறுவை நடந்த மூட்டை அவர்கள் விலக்கி வைக்க வாய்ப்பு அதிகம். அந்த மூட்டுக்கான செலவு உங்கள் தலையில்தான் என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மருத்துவரிடம் “குதிரை நன்றாக இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எத்தனை மீட்டர் தடை, வாரத்தில் எத்தனை நாள் தாண்டுதல், எப்படிப்பட்ட தரை, எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, இந்த மூட்டு அதற்குத் தாங்குமா என்று கேளுங்கள். பதிலைப் பரிசோதனை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.