லேத்தில் சரி, இன்ஸ்பெக்‌ஷனில் 0.03 குறைவு: பதில்

லேத்திலேயே அளந்தபோது 80.00 மி.மீ. காட்டிய அலுமினிய புஷ் (குழாய் போன்ற உருளை வளையம்), மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷனில் 79.97 காட்டுகிறது என்கிறீர்கள். மைக்ரோமீட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஜாப்பின் (கடைகிற பொருளின்) சூட்டைக் கவனியுங்கள். அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு, மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் (0.023 மி.மீ.) விரியும். 80 மி.மீ. விட்டத்தில் 15 டிகிரி கூடினாலே 0.028 மி.மீ. வந்துவிடும். உங்கள் வித்தியாசம் ஏறக்குறைய முழுதும் அதுதான்.

டிராயிங்கில் வேறு எதுவும் போடாதவரை அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஐஎஸ்ஓ 1 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது அது. ஆகவே ஃபினிஷ் கட்டுக்கு (கடைசி வெட்டுக்கு) முன் நன்றாக ஆறவிட்டு அளந்து பாருங்கள். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கைக்கு 5 டிகிரி வித்தியாசமெல்லாம் சரியாகத் தெரியாது.

அப்புறம் மைக்ரோமீட்டரின் ஜீரோ சரியா என்று பார்க்க வேண்டும். 75–100 மி.மீ. மைக்ரோமீட்டரோடு வரும் செட்டிங் ராடில் (அளவு தெரிந்த கம்பியில்) பாருங்கள். ராடைப் பிளாஸ்டிக் பிடியில் மட்டும் பிடியுங்கள். ராட்செட்டைச் (மைக்ரோமீட்டர் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் திருகை) சீராகத் திருப்பினால் போதும்.

ஆறிய பிறகும் அளவு ஒத்துவராவிட்டால், புஷ்ஷின் சுவர் மெல்லியதா என்று சொல்லுங்கள். மூன்று ஜா சக் (மூன்று தாடைகளால் ஜாப்பைப் பிடிக்கும் பகுதி) இறுக்கினால் மெல்லிய புஷ் மும்முனையாக நெளியும். இரு பக்கமும் தொட்டு அளக்கும் மைக்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள கட்டையில்) வைத்து டயல் கேஜ் (முள் நகர்ந்து அளவு காட்டும் கருவி) பிடித்துச் சுற்றினால்தான் தெரியும்.